வெளியேறியது சரியா? – பிரெக்சிட் பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில் பிரெக்சிட் பற்றி ஒரு பக்கம் எழுதினாலும் எழுதினேன், கடிதங்கள் குவிந்துவிட்டன. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியது சரியா தவறா என்பதில் நம் ஆட்கள் இரண்டு பக்கமும் சூடாகவே இருக்கிறார்கள். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் தூத்துக்குடிக்காரி. கிழக்கு லண்டனில் கஸ்டம்ஸ் கிளியரிங் வேலை. 2016 ஜூன் 23 வாக்கெடுப்புக்கு முன்பும் இதே வேலைதான், பின்பும் இதே வேலைதான். அதனால் பதில்களில் டியூட்டி (அதாவது சுங்க வரி), லாரி, சான்றிதழ் எல்லாம் வரும். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒன்றியத்தில் இருக்க வேண்டும் என்று ஓட்டுப் போட்டவள் நான்.

எங்கள் கல்லூரிப் பட்டிமன்றத்தில் ‘பிரிட்டன் வெளியேறியது சரியே’ என்ற அணியில் என்னைப் போட்டிருக்கிறார்கள் அக்கா. எந்த வாதத்தை முன்னால் வைக்கலாம்?
– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

பணக் கணக்கைத் தொடாதே தங்கச்சி, அங்கே எதிரணி உன்னை மடக்கிவிடும். சட்டம் போடுவது யார், அவரை மாற்றும் உரிமை யாருக்கு என்ற இடத்தில் நில். அந்தப் பக்கத்தின் பலமான வாதம் அதுதான். நேர்மையான வாதமும்கூட.

ஃபாக்டர்டேம் வழக்கைப் படித்துக்கொண்டு போ. ஐரோப்பிய மீன்வளக் கொள்கையில் நாட்டுக்கு இவ்வளவு மீன் என்று ஒதுக்கீடு உண்டு. ஸ்பெயின்காரர்கள் சிலர் தங்கள் விசைப்படகுகளை பிரிட்டனில் பதிவு செய்து, பிரிட்டனுக்கு ஒதுக்கிய மீனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதைத் தடுக்க பிரிட்டன் நாடாளுமன்றம் 1988-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. படகு முதலாளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய்த் திரும்பி வந்து, 1990-ல் பிரிட்டனின் உச்ச நீதிபதிகளே தங்கள் நாடாளுமன்றம் போட்ட சட்டத்தை நிறுத்தி வைத்தார்கள். நாடாளுமன்றத்துக்கு மேலே ஒன்றுமில்லை என்று சொல்லியே வளர்ந்த நாடு அது. துறைமுக ஊரில் வளர்ந்தவள் என்பதால், அந்தச் செய்தியைப் படித்த மீனவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது. மீன்பிடித்துறை நாட்டின் வருமானத்தில் ஒரு சதவீதம்கூட இல்லை. ஆனாலும் கிரிம்ஸ்பி துறைமுகம் இருக்கும் வட்டாரத்தில் கிட்டத்தட்ட 70 சதவீதம் பேர் வெளியேறச் சொன்னார்கள். மீனுக்காக ஐரோப்பியக் கூட்டமைப்பை விட்டுப் போனதில் பிரிட்டன் முதலும் இல்லை. கிரீன்லாந்து 1982-ல் வாக்கெடுப்பு நடத்தி 1985-ல் வெளியே வந்துவிட்டது.

இது வலதுசாரிகளின் வாதம் என்று எதிரணி ஒதுக்கினால் டோனி பென் பெயரை எடு. தொழிற்கட்சியின் இடதுசாரித் தலைவர். 1975-ல் இதே கேள்விக்கு முதல் வாக்கெடுப்பு நடந்தபோது, ஹரால்ட் வில்சன் அமைச்சரவையில் இருந்துகொண்டே, வெளியேறச் சொல்லி ஊர் ஊராகப் பேசியவர். அதிகாரத்தில் இருப்பவரை எப்படி இறக்குவது என்பதுதான் அவர் கடைசிவரை கேட்ட கேள்வி. ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸில் சட்ட முன்வரைவு தயாரிக்கும் ஆணையத்தை வாக்காளர் நேராக இறக்க முடியாது. அதே 1975-ல் வலதுசாரி கன்சர்வேடிவ் கட்சியின் தலைவர் மார்கரெட் தாட்சர், உறுப்பு நாடுகளின் கொடிகள் பின்னிய ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு இருக்கச் சொல்லிப் பிரச்சாரம் செய்தார். 67 சதவீதம் பேர் இருக்கவே ஓட்டுப் போட்டார்கள்.

எதிரணியிடமிருந்து ஒரு கேள்வி நிச்சயம் வரும். விற்கிறவன் சந்தையின் விதிக்குக் கட்டுப்பட்டுத்தான் ஆகவேண்டும். வெளியே வந்தால் விதி அப்படியே இருக்கும், அதை எழுதும் மேஜையில் நம் நாற்காலிதான் போகும். அப்புறம் யாருடைய உரிமை கூடியது? இதற்கு ஒரு பதில் தயார் செய்துகொள். எனக்கு இன்றுவரை நல்ல பதில் கிடைக்கவில்லை. நான் மறுபக்கம் நிற்பதற்கு அதுதான் காரணம்.

வாரம் 350 மில்லியன் பவுண்டு மிச்சமாகும் என்று சிவப்புப் பஸ்ஸில் எழுதி ஓட்டினார்களே, அது பொய்தானே மேடம்?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மதுரை

வெளியேறச் சொன்ன அணி ஓட்டிய பஸ் அது. ஒன்றியத்துக்குக் கட்டும் பணத்தில் கழிவு போகாத தொகை சார் அந்த எண். 1984-ல் தாட்சர் சண்டை போட்டு வாங்கிய தள்ளுபடி, பணம் லண்டனை விட்டுக் கிளம்பும் முன்பே கழிந்துவிடும். கட்டிய மீதியிலும் ஒரு பகுதி விவசாய மானியமாகவும் பின்தங்கிய பகுதிகளுக்கான நிதியாகவும் திரும்பி வரும். அந்த எண் தவறான எண்ணத்தைத் தருகிறது என்று நாட்டின் புள்ளியியல் ஆணையமே சொன்னது. சொன்ன பிறகும் பஸ் ஓடியது.

அதற்காக என் பக்கத்துக்காரர்களுக்கும் நான் நற்சான்று தர மாட்டேன். நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன், வெளியேற ஓட்டு விழுந்தால் 30 பில்லியன் பவுண்டுக்கு வரி உயர்வும் செலவுக் குறைப்புமாக அவசர பட்ஜெட் போட வேண்டியிருக்கும் என்று மிரட்டினார். உடனே பொருளாதாரம் மந்தமாகும் என்று நிதித்துறை சொன்னது. முடிவு வந்ததும் பவுண்டு 31 ஆண்டு காணாத அளவுக்குச் சரிந்தது உண்மை. அவசர பட்ஜெட் வரவில்லை, மந்தமும் வரவில்லை. ஆகவே பயமுறுத்தியவர்கள் பேச்சை ஜனங்கள் அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

நஷ்டம் வேறு விதமாக வந்தது. வெளியேறியதால் நீண்ட காலத்தில் நாட்டின் உற்பத்தித்திறன் 4 சதவீதம் குறைவாக இருக்கும் என்பது பட்ஜெட் கணக்கைப் பரிசோதிக்கும் சுதந்திர அமைப்பின் மதிப்பீடு. பத்து பதினைந்து வருடத்தில் சிறுகச் சிறுகத் தேயும் 4 சதவீதத்தை யாரும் பஸ்ஸில் எழுதி ஒட்ட முடியாது.

முந்தி லண்டனிலிருந்து ஒரு வான் பிடித்தால் அடுத்த நாள் காலையில் சாமான் கடையில் நிற்கும். இப்ப கிழமைக்கணக்கில் இழுபடுது, விலையும் கூடிப் போச்சு. வரி இல்லாத ஒப்பந்தம் என்றுதானே சொன்னவை?
– பலசரக்குக் கடைக்காரர், லா சப்பல், பாரிஸ்

அண்ணன், உங்கள் கேள்விதான் என் தினசரி வேலை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் 2020 டிசம்பர் 24 அன்று வர்த்தக ஒப்பந்தத்துக்கு வந்தன. ஆயிரம் பக்கத்துக்கு மேல். அடுத்த வாரம், ஜனவரி 1 முதல் அமல். கிறிஸ்துமஸ் விடுமுறையில் உட்கார்ந்து அதைப் படித்த ஆயிரக்கணக்கான ஏஜென்ட்டுகளில் நானும் ஒருத்தி. டியூட்டி பூஜ்யம் என்று முதலில் கண்ணில் படும். அது எந்தப் பொருளுக்கு என்பது பின்னால் வரும்: பிரிட்டனில் அல்லது ஐரோப்பிய ஒன்றியத்தில் விளைந்த, உற்பத்தியான பொருளுக்கு மட்டும்தான்.

உங்கள் கடைக்கு வருகிற பொன்னி அரிசியை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் விளைந்தது. கன்டெய்னரில் ஃபீலிக்ஸ்டோ துறைமுகத்துக்கு வருகிறது. இங்கே டியூட்டி கட்டுகிறார்கள். லண்டன் கிடங்கில் ஐந்து கிலோ, பத்து கிலோ பையாகப் பிரித்துக் கட்டி, மொத்த வியாபாரியின் முத்திரை போட்டு உங்களுக்கு அனுப்புகிறார்கள். பை மாற்றியதால் அது பிரிட்டன் அரிசி ஆகிவிடாது, இந்திய அரிசிதான். ஆகவே கலேயில் இறங்கும்போது பிரான்ஸ் இன்னொரு முறை டியூட்டி போடும். ஒரே அரிசிக்கு இரண்டு டியூட்டி. முன்பு பிரிட்டன் சுங்க ஒன்றியத்துக்குள் இருந்ததால், ஃபீலிக்ஸ்டோவில் ஒருமுறை கட்டினால் பாரிஸ் வரைக்கும் கேள்வி இல்லை.

அடுத்தது நெய், பால்மா, மாசிக் கருவாடு. விலங்கு, மீன் இவற்றிலிருந்து வருகிற எந்த உணவுக்கும் கால்நடை மருத்துவர் பார்த்துக் கையெழுத்திட்ட சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். மருத்துவருக்குக் கட்டணம் உண்டு, அவர் தேதியும் கிடைக்க வேண்டும். ஒரு லாரியில் பத்துக் கடைச் சாமான் சேர்ந்து போகும் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு கடையின் நெய்ப் பெட்டிக்கான சான்றிதழில் எடை தப்பாக இருந்தால் மற்ற ஒன்பது பேருடைய மஞ்சள்தூளும் அப்பளமும் சேர்ந்து நிற்கும். அதனால்தான் பல லாரிக்காரர்கள் நெய் இருந்தால் ஏற்றவே மாட்டோம் என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியவில்லை.

நீங்கள் செய்யக்கூடியது: அரிசி பெரிய அளவில் வாங்குவதாக இருந்தால், லண்டன் வியாபாரியிடம் டியூட்டி கட்டாமல் பாண்டட் கிடங்கில் (சுங்கக் கட்டுப்பாட்டில் உள்ள கிடங்கு) வைத்து, வழியில் டியூட்டி கட்டாமல் கடந்து போக உதவும் டிரான்சிட் தாளில் அனுப்பச் சொல்லுங்கள். அப்போது பிரான்சில் மட்டும் ஒருமுறை கட்டினால் போதும். இல்லாவிட்டால் கொழும்பிலிருந்தோ சென்னையிலிருந்தோ நேராக ல ஆவ்ருக்கோ ராட்டர்டாமுக்கோ கன்டெய்னர் வரவழைக்கும் ஆட்களோடு சேர்ந்துகொள்ளுங்கள். லண்டனுக்கு அந்த வியாபாரம் போய்விடும் என்று எழுத எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

நெய்க்கு மட்டும் ஒரு நல்ல செய்தி உண்டு. உணவு, செடி, கால்நடைப் பொருள்களுக்குப் பொது உடன்பாடு செய்ய 2025 மே மாதம் இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டன. அது நடைமுறைக்கு வந்தால் இந்தச் சான்றிதழ்த் தொல்லை பெரும்பாலும் போகும். பதிலுக்கு, உணவுத்துறையில் ஐரோப்பிய விதி மாறும்போதெல்லாம் பிரிட்டனும் மாற்றிக்கொள்ள வேண்டும். அந்த விதிக்கு என்ன பொருள் என்று கடைசியாகச் சொல்வது ஐரோப்பிய நீதிமன்றம். தஞ்சாவூர்த் தங்கச்சிக்கு நான் மேலே எழுதியதை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

பிரிட்டன் வெளியேறியதால்தான் இந்தியாவோடு ஒப்பந்தம் போட முடிந்தது. எங்கள் ஊருக்கு அது லாபம். நீங்கள் அதைச் சொல்லவே இல்லையே?
– பின்னலாடை ஏற்றுமதியாளர், திருப்பூர்

சொல்ல வேண்டியதுதான், விட்டுப்போனது. ஒன்றியத்துக்குள் இருக்கும் நாடு தனியாக வர்த்தக ஒப்பந்தம் போட முடியாது. அந்த அதிகாரம் பிரஸ்ஸல்ஸிடம் இருக்கிறது. ஐரோப்பா–இந்தியா பேச்சு 2007-ல் தொடங்கி 2013-ல் படுத்துவிட்டது; அதை மறுபடி எழுப்பவே 2022 ஆனது. பிரிட்டன் தனியாக வந்து 2025 ஜூலை 24-ல் இந்தியாவோடு கையெழுத்துப் போட்டது. வங்கதேசம் டியூட்டி இல்லாமல் பிரிட்டனுக்கு பனியன் அனுப்பியபோது, நீங்கள் 10 சதவீதத்தை ஒட்டிய டியூட்டியோடு போட்டி போட்டீர்கள். அந்தப் பாரத்தை ஒப்பந்தம் இறக்குகிறது. திருப்பூருக்கு இது உண்மையான ஆதாயம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் நாம் பேசுவது பிரிட்டனுக்கு லாபமா என்பது. இந்த ஒப்பந்தத்தால் நீண்ட காலத்தில் ஆண்டுக்கு 4.8 பில்லியன் பவுண்டு கூடும் என்று பிரிட்டன் அரசே கணக்குச் சொல்கிறது. அது பொருளாதாரத்தில் ஆயிரத்தில் ஒன்று, ஒன்றரைப் பங்கு. பக்கத்து வீட்டுச் சந்தையில் விட்டது நூற்றில் நாலு. பிரிட்டன் ஏற்றுமதியில் இன்றும் ஐந்தில் இரண்டு பங்கு ஐரோப்பாவுக்குத்தான் போகிறது. டோவரிலிருந்து கலே சுமார் 40 கிலோமீட்டர். தூரத்தை எந்த ஒப்பந்தமும் குறைக்காது.

லண்டன் தமிழர்கள் எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டார்கள்? இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் நீங்கள் எப்படி ஓட்டுப் போட்டீர்கள்?
– வாசகி, சென்னை

காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் பிரிட்டனில் முறையாக வசித்தால் ஓட்டு உண்டு. இந்தியரும் இலங்கையரும் அதில் அடக்கம். ஆனால் ஐரோப்பிய நாட்டுக் குடிமக்களுக்கு, அயர்லாந்து, மால்டா, சைப்ரஸ் தவிர, இந்த வாக்கெடுப்பில் ஓட்டு இல்லை.

இது நம்மவர்களுக்குள்ளேயே ஒரு கோடு போட்டது. ஈழத்திலிருந்து முதலில் நெதர்லாந்து, டென்மார்க், ஜெர்மனி, பிரான்ஸ் என்று போய்க் குடியுரிமை வாங்கி, பிறகு பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்புக்காகவும் சொந்தபந்தத்துக்காகவும் லண்டனுக்குக் குடிவந்த குடும்பங்கள் ஏராளம். ஒன்றிய நாட்டுக் குடிமக்கள் இன்னொரு ஒன்றிய நாட்டில் போய்க் குடியேறலாம் என்ற சுதந்திர நடமாட்ட உரிமையால் வந்தவர்கள். அந்த உரிமையைத்தான் வாக்கெடுப்பு முடித்துவைத்தது. ஆண்டுக்கணக்கில் இங்கே வரி கட்டிய டச்சுப் பாஸ்போர்ட் அக்காவுக்கு ஓட்டு இல்லை. வாக்கெடுப்புக்கு முந்தின வருடம் மாணவர் விசாவில் வந்த திருச்சிப் பையனுக்கு ஓட்டு உண்டு. கோயிலில் ஒரே வரிசையில் நிற்கிறவர்கள். இது எனக்கு அன்றும் நியாயமாகப் படவில்லை, இன்றும் படவில்லை.

பொதுவாக ஆசிய வம்சாவளியினரில் பெரும்பகுதி இருக்கவே ஓட்டுப் போட்டது. வெளியேறச் சொன்னவர்களும் உண்டு, அவர்களிடம் ஒரு காரணமும் இருந்தது. ஐரோப்பியர் விசா இல்லாமல் வரலாம், நம் ஆட்களுக்கு மட்டும் ஏன் இத்தனை கெடுபிடி என்று கேட்டார்கள். ஐரோப்பியர் வரத்து நின்றால் தெற்காசியச் சமையல்காரர்களை அழைத்துவர வழி பிறக்கும் என்று அப்போது அமைச்சராக இருந்த பிரீத்தி படேல் போன்றவர்கள் கறி உணவக முதலாளிகளிடம் பேசினார்கள். வழி பிறக்கவில்லை. ஏமாந்துவிட்டோம் என்று அந்த முதலாளிகள் பிறகு வெளிப்படையாகவே சொன்னார்கள்.

வெளிநாட்டுக்காரன் மேல் வெறுப்புதானே இதற்கெல்லாம் காரணம்?
– வாசகர், திருநெல்வேலி

அப்படி ஒரே வார்த்தையில் முடிக்காதீர்கள் அண்ணாச்சி. வெறுப்பு இருந்தது. வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்பு ஜோ காக்ஸ் என்ற எம்.பி. தன் தொகுதியிலேயே கொல்லப்பட்டார். அதை மறக்க மாட்டேன். ஆனால் வெளியேற ஓட்டுப் போட்ட 1 கோடியே 74 லட்சம் பேரையும் அந்தக் கணக்கில் எழுத முடியாது.

லிங்கன்ஷயரில் பாஸ்டன் என்று ஒரு சிற்றூர். சுற்றிலும் முட்டைக்கோஸ் வயல்கள். 2004-ல் போலந்து உட்படப் பத்து நாடுகள் ஒன்றியத்தில் சேர்ந்தபோது, பெரும்பாலான நாடுகள் தொழிலாளர் வருவதற்குத் தடை போட்டுவைத்தன. பிரிட்டன் கதவைத் திறந்தது. ஆண்டுக்கு 13,000 பேர் வரை வரலாம் என்று அரசு கேட்டு வாங்கிய ஆய்வு சொன்னது. வந்தது லட்சக்கணக்கில். பாஸ்டனில் ஆள் கூடியது, டாக்டரும் பள்ளிக்கூட இடமும் வீடும் அதே வேகத்தில் கூடவில்லை. அந்த ஊர் 75 சதவீதத்துக்கு மேல் வெளியேறச் சொல்லி, நாட்டிலேயே முதலிடம் பிடித்தது. டாக்டரைக் கூட்டியிருக்க வேண்டியது லண்டன் அரசு. கோபம் பிரஸ்ஸல்ஸ் மேல் போனது.

இப்போது எண்ணிக்கையைப் பாருங்கள். வெளியேறிய பிறகு, 2023-ன் நடுப்பகுதியில், ஓராண்டு நிகரக் குடியேற்றம் (வந்தவர்களில் போனவர்களைக் கழித்த எண்ணிக்கை) 9 லட்சத்தைத் தாண்டியது. ஐரோப்பியர் குறைந்தார்கள், இந்தியா, நைஜீரியா போன்ற நாடுகளிலிருந்து மாணவர்களும் நர்சுகளும் முதியோரைக் கவனிக்கும் பணியாளர்களும் வந்தார்கள். அவர்கள் வந்தது எனக்குச் சந்தோஷம்தான். பாஸ்டன்காரரிடம் ஓட்டுக் கேட்டபோது யாரும் இப்படிச் சொல்லவில்லை.

அயர்லாந்து எல்லைப் பிரச்சினை என்கிறார்களே, அது என்ன?
– பள்ளி ஆசிரியர், மட்டக்களப்பு

வட அயர்லாந்து பிரிட்டனில் இருக்கிறது, தெற்கே அயர்லாந்துக் குடியரசு ஒன்றியத்தில் இருக்கிறது. நடுவில் சுமார் 500 கிலோமீட்டர் எல்லை, கடக்கும் இடங்கள் 200-க்கு மேல். வட அயர்லாந்தில் உள்நாட்டுச் சண்டை நடந்த காலத்தில் அங்கே ராணுவச் சாவடிகள் நின்றன. 1998-ன் புனித வெள்ளி சமாதான ஒப்பந்தத்துக்குப் பிறகு அவை போயின. இரண்டு பக்கமும் ஒரே சந்தையில் இருந்ததால் சுங்கச்சாவடியும் தேவைப்படவில்லை. ஒரு பக்கம் வெளியே வந்தால் சரக்கை எங்கோ நிறுத்திப் பார்த்தாக வேண்டும்.

வாக்கெடுப்புக்கு முன்பே டோனி பிளேரும் ஜான் மேஜரும், எதிரெதிர்க் கட்சிகளின் முன்னாள் பிரதமர்கள், டெர்ரி நகரத்துக்குச் சேர்ந்து போய் இதை எச்சரித்தார்கள். இங்கிலாந்தில் அது பேச்சாகவே ஆகவில்லை. கடைசியில் நில எல்லையை விட்டுவிட்டு, பிரிட்டன் தீவுக்கும் வட அயர்லாந்துக்கும் இடையே கடலில் கோடு போட்டார்கள். சொந்த நாட்டுக்குள் சரக்கு அனுப்பவே சுங்கத் தாள் எழுத வேண்டி வந்தது. 2023-ல் வின்ட்சர் ஏற்பாடு என்ற புது உடன்பாடு வந்து கொஞ்சம் லேசாகியது. வட அயர்லாந்து மக்களில் 55.8 சதவீதம் பேர் இருக்கத்தான் சொன்னார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நார்வே மாதிரி ஒன்றியத்துக்கு வெளியே நின்று சந்தையில் மட்டும் இருந்திருக்கலாமே?
– பொறியாளர், கோயம்புத்தூர்

இருந்திருக்கலாம். எனக்கு இந்த விஷயத்தில் உள்ள பெரிய ஆதங்கமே இதுதான். வாக்குச்சீட்டில் இரண்டே தேர்வு: இருப்பதா, வெளியேறுவதா. வெளியேறி எங்கே போவது என்று கேட்கவே இல்லை. நார்வே சந்தைக்குள் இருக்கிறது; பணம் கட்டுகிறது, விதிகளை ஏற்கிறது, ஓட்டு இல்லை. துருக்கி சுங்க ஒன்றியத்தில் மட்டும் இருக்கிறது. சுவிட்சர்லாந்து துறை துறையாக ஒப்பந்தம் வைத்திருக்கிறது. இவற்றுக்குள் இருக்கும் வித்தியாசம், ‘இருப்பது’க்கும் ‘போவது’க்கும் உள்ளதைவிடச் சில இடங்களில் பெரியது. 51.9 சதவீதம் பேர் வெளியேறச் சொன்னார்கள், எந்தக் கதவு வழியாக என்று சொல்ல அவர்களுக்கு வாய்ப்பே தரப்படவில்லை.

அதைப் பிறகு நாடாளுமன்றம் முடிவு செய்யப் பார்த்தது. அன்றைய பிரதமர் தெரசா மே கொண்டுவந்த வெளியேறும் ஒப்பந்தம் 2019 ஜனவரியில் 230 ஓட்டு வித்தியாசத்தில் தோற்றது. மார்ச் 27 அன்று எம்.பி.க்கள் எட்டு யோசனைகளை வைத்து ஓட்டெடுத்தார்கள், எட்டும் தோற்றன. ஏப்ரல் 1 அன்று நான்கு, அவையும் தோற்றன. அதில் கென் கிளார்க் என்ற எம்.பி. வைத்த சுங்க ஒன்றிய யோசனைக்கு ஆதரவு 273, எதிர்ப்பு 276. அன்று இரவு அலுவலகத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். சபாநாயகர் முடிவை வாசித்து, மூன்றே ஓட்டில் தோற்றது என்று தெரிந்தபோது எங்கள் அறையில் ஒருவரும் பேசவில்லை. அது நிறைவேறியிருந்தாலும் அரசைக் கட்டுப்படுத்தியிருக்காது, ஆனால் அதை வைத்து ஒரு சமரசத்துக்கு வந்திருக்க முடியும். பாரிஸ் அண்ணனின் அரிசிக்கு இரண்டாவது டியூட்டி வந்திருக்காது.

திரும்பச் சேர்ந்துவிடுவார்களா?
– வாசகர், சிங்கப்பூர்

இப்போதைக்கு இல்லை. 2024-ல் ஆட்சிக்கு வந்த கியர் ஸ்டார்மரின் தொழிற்கட்சி, ஒற்றைச் சந்தையும் இல்லை, சுங்க ஒன்றியமும் இல்லை, சுதந்திர நடமாட்டமும் இல்லை என்று தேர்தலுக்கு முன்பே சொல்லிவிட்டது. சேர வேண்டுமென்றால் புது நாடு போல விண்ணப்பிக்க வேண்டும், 27 நாடுகளும் ஒத்துக்கொள்ள வேண்டும். தாட்சர் வாங்கிய தள்ளுபடி இந்த முறை கிடைக்கும் என்று நான் நம்பவில்லை. நெய்க்கான சான்றிதழ் முதலில் ஒழியட்டும், அடுத்த இதழில் அதன் நிலவரத்தை எழுதுகிறேன்.